சீட்டுக் காசில் முதல் கமரா: எதை வாங்க, எதை விட?

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் சண்டிலிப்பாயில் இருக்கிறேன். உயர்தரம் எடுத்து இரண்டு வருடமாகிறது. இதுவரை போனில்தான் படம் பிடிக்கிறேன். சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு), பிறந்தநாள் என்று படம் பிடித்து உழைக்க வேண்டும் என்பது என் ஆசை. நேரம் கிடைத்தால் பறவைகளையும் பிடிக்க விருப்பம். சீட்டு எடுத்த காசு 120,000 ரூபாய் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. கடையில் புதுக் கனன் 1500டியை இரண்டு லென்ஸோடு எடுக்கச் சொல்கிறார்கள், மிச்சத்தைத் தவணையில் கட்டலாமாம். தெரிந்த அண்ணா ஒருவர் தன்னுடைய பழைய கனன் 5டியை விற்கிறார், புல் பிரேம், அதாவது படத்தைப் பதியும் சென்சார் பெரிதான கமரா என்றால்தான் தொழிலுக்குச் சரி என்கிறார். கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார், அங்கிருந்து கொண்டு வரட்டா என்று கேட்கிறார். டி.எஸ்.எல்.ஆர். காலமே முடிந்துவிட்டது என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். அம்மாவுக்குக் காசு வீணாகிவிடுமோ என்று பயம். எதை எடுக்க?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு உதவிய சொல் 'சாமத்திய வீடு'. கமராவின் பெயர்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு அங்கிருந்து தொடங்குவோம்.

ஒரு சாமத்திய வீட்டை நினைத்துப் பாருங்கள். பிள்ளையை வெளிக்கிடுத்துவது உள் அறையில். ஒரு குழல் விளக்கு, ஒரு சின்ன யன்னல், அறை நிறையப் பெண்கள். பிறகு மணவறையில் ஆலாத்தி. பின்னால் பளபளவென்று எல்.ஈ.டி. மாலைகள், ஆனால் பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் போதாது. உங்களுக்குக் காசு தரப்போகும் படங்கள் எல்லாம் இந்த மங்கல் வெளிச்சத்தில்தான் இருக்கின்றன. அதனால் எந்தக் கமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று நான் பார்க்க மாட்டேன். அந்த அறைக்குள் முகம் துலங்க எது வேண்டுமோ அதற்குத்தான் முதலில் காசு ஒதுக்குவேன். உங்களுடைய காசு அளவில் அது ஒரு வெளிச்சமான லென்ஸும் ஒரு சாதாரண பிளாஷும்தான். கமரா பொடி, அதாவது லென்ஸ் இல்லாத கமராவின் உடல், பழையதாக இருக்கலாம்.

இதைக் கணக்காகச் சொல்கிறேன். கமராவோடு வரும் 18–55 மி.மீ. சூம் லென்ஸை 55க்கு இழுத்தால் அதன் வாய் எப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். எப் எண் சின்னதாகச் சின்னதாக வாய் பெரிதாகத் திறக்கும். 50 மி.மீ. எப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் கூடுதலான வெளிச்சத்தை உள்ளே விடும். முதல் லென்ஸில் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் அளவு) 6400 வைத்துப் பிடிக்க வேண்டிய படத்தை இரண்டாவதில் 640, 800 என்று வைத்துப் பிடிக்கலாம். 6400இல் தோலின் நிறம் சாம்பல் பூசினமாதிரி வரும், கூறைச் சேலையின் சரிகை கரைந்துபோகும். 800இல் இரண்டும் அப்படியே நிற்கும். விலை கூடிய பொடிக்கு மாறினால்கூட இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது.

கடைக்காரர் சொல்லும் பெட்டியை நான் வேண்டாம் என்பேன். 1500டி கெட்ட கமரா இல்லை. 2018இல் வந்தது, 24 மெகாபிக்சல், பகலில் வடிவான படம் தரும். ஆனால் உங்கள் வேலைக்கு அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. பிளாஷ் பூட்டும் தகட்டின் நடுவில் வழமையாக ஒரு வட்ட முனை இருக்கும், கனன் அதை இந்தக் கமராவில் எடுத்துவிட்டது. அதனால் எந்தக் கமராவிலும் எரிகிற ஒற்றை முனை மலிவு பிளாஷ்கள் இதில் எரியாது. கனனுக்கென்றே செய்த விலை கூடிய பிளாஷைத் தேட வேண்டும். 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றிலும் இதே குறை உண்டு. வீடியோவுக்கு வெளி மைக் பூட்டும் துளையும் 1500டியில் இல்லை.

இரண்டாவது லென்ஸ் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. 75–300 என்றால் ஆசைப்படாதீர்கள். அதில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐ.எஸ். கிடையாது. 300இல் வைத்துக் கையில் பிடித்தால் ஷட்டர் 500இல் ஒரு பங்கு செக்கனாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் அசைந்துபோகும். அந்த எல்லையில் கூர்மையும் குறைவு. கூட வரும் சின்ன லென்ஸையும் பாருங்கள். 18–55 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஐ.எஸ். என்ற எழுத்து இருக்கிறதா? அந்த எழுத்து இல்லாத மலிவு வகையும் பெட்டிகளில் வருகிறது. தவணை பற்றி நீளமாக எழுத மாட்டேன். முதல் வருடம் எத்தனை வேலை வரும் என்று உங்களுக்குத் தெரியாது, தவணை மாதா மாதம் வரும். அம்மாவின் பயம் அந்த இடத்தில் நியாயம்தான்.

5டி விற்கிற அண்ணா உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. 2005இல் வந்தபோது அது பெரிய கமரா, அதில் பிடித்த கலியாணப் படங்கள் இன்றைக்கும் அழகு. ஆனால் அதில் வீடியோ இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டு படம் எடுக்க முடியாது. வழமையான ஐ.எஸ்.ஓ. 1600உடன் முடிகிறது, நீட்டினால் 3200. மெமறி கார்ட்டும் கொம்பாக்ட் பிளாஷ் என்ற தடித்த பழைய வகை, இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடி ஒட்டு விட்டுக் கழன்று விழுவது அந்த வகைக்குப் பேர்போன வருத்தம். இன்னொன்று, இ.எப்.-எஸ். என்று எழுதிய மலிவான, நல்ல லென்ஸ்கள் அதில் பூட்டாது. புல் பிரேம் வாங்கினால் அதற்கேற்ற லென்ஸ்களும் வாங்க வேண்டும், அங்கேதான் காசு பறக்கும்.

அப்படியென்றால் எது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் பாவித்த கனன் 200டி தேடுவேன். மார்க் 2 இல்லை, 2017இல் வந்த முதலாவது 200டி. 24 மெகாபிக்சல், திருப்பித் திருப்பிப் பார்க்கும் திரை, மைக் துளை, நடு முனையோடு பிளாஷ் தகடு எல்லாம் இருக்கிறது. திரையில் பார்த்துப் பிடிக்கும்போது முகத்தைத் தானே தேடிக் கெதியாகக் குவியம் (போகஸ்) பிடிக்கும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டரில் குவியம் பிடிக்க ஒன்பது புள்ளிகள்தான், அதில் நம்பக்கூடியது நடுப் புள்ளி. அதோடு 18–55 ஐ.எஸ்., 50 எப் 1.8 எஸ்.டி.எம்., ஒரு ஒற்றை முனை பிளாஷ். விலைகள் டொலரோடு சேர்ந்து ஆடுவதால் ரூபாய்க் கணக்குச் சொல்லாமல் பங்காகச் சொல்கிறேன். பொடிக்கும் 18–55க்கும் சேர்த்து உங்கள் காசில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டாம். 200டி அந்த அளவுக்குள் வராவிட்டால் 700டிக்கு இறங்குங்கள். 50ஐ மட்டும் விடாதீர்கள்.

700டி 2013இல் வந்தது, 18 மெகாபிக்சல். சாமத்திய வீட்டு அல்பத்துக்கு அது தாராளம். வியூபைண்டரில் அதன் ஒன்பது புள்ளிகளுமே நல்ல புள்ளிகள். திரையில் பார்த்துப் பிடிக்கும்போது மட்டும் மெதுவாக இருக்கும்.

நிக்கொன் கைக்கு வந்தாலும் தயங்க வேண்டாம். டி5300உம் 35 எப் 1.8 டி.எக்ஸ். லென்ஸும் சேர்ந்து கிடைத்தால் அது அருமையான சோடி. எங்கள் வீட்டு அறைகளுக்கு 50ஐவிட 35தான் பொருத்தம், ஏனென்றால் இந்தச் சின்னச் சென்சார் கமராக்களில் 50 மி.மீ. கொஞ்சம் தூர லென்ஸ் மாதிரி நடக்கும். கனனில் அது 80 மி.மீ.க்குச் சமம். முகத்துக்கு வடிவு, ஆனால் மாமன் மாமியோடு எட்டுப் பேர் நின்றால் சுவர் வரைக்கும் பின்னால் போனாலும் அடங்காது. அந்த இடத்துக்கு 18–55 இருக்கிறது. நிக்கொனில் ஒரு பொறியும் உண்டு. டி3000, டி5000 வரிசைப் பொடிகளில் குவியம் பிடிக்கும் மோட்டர் கிடையாது. 'ஏ.எப்.-டி' என்று எழுதிய பழைய 50 மலிவாக வரும், வாங்கிப் பூட்டினால் கையால்தான் குவியம் பிடிக்க வேண்டும். 'ஏ.எப்.-எஸ்' என்று இருக்க வேண்டும். 'ஏ.எப்.-பி' லென்ஸ்கள் டி3100, டி5100 போன்ற பழையவற்றில் தானாகக் குவியம் பிடிக்காது.

வெளிச்சமான லென்ஸுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். 50 மி.மீ.இல் எப் 1.8 வைத்து ஒன்றரை மீற்றரில் நின்றால் துல்லியமாக வரும் ஆழம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர்தான். கண் கூர்மையாக இருக்கும், காது மங்கிவிடும். கிட்ட இருக்கும் கண்ணில் குவியம் வையுங்கள். இரண்டு பேர் என்றால் எப் 2.8, 4 என்று மூடுங்கள். ஒரு மாதம் அந்த ஒரு லென்ஸோடு மட்டும் திரியுங்கள். நான் பழகியது ஒரு நிக்கொன் எப்.எம். 2இலும் ஒரு 50 மி.மீ. லென்ஸிலும். யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி தடைப் பொருளாக இருந்த காலம் அது. ஒளிமானியைத் தவிர வேறு எதற்கும் பற்றரி தேவைப்படாத கமரா என்பதால்தான் அது வேலை செய்தது. ஒளிமானியும் இல்லாமல், வெயிலையும் நிழலையும் பார்த்தே அளவு வைக்கப் பழகினோம். சூம் இல்லாதபடியால் காலால் நடந்துதான் படத்தைக் கட்டினோம். இன்றைக்கும் ஒரு மணவறைக்கு முன்னால் போனால் எங்கே நிற்க வேண்டும் என்று கால் தானாகப் போகிறது. திருநெல்வேலிச் சந்தைக்குக் காலையில் போய், வியாபாரம் செய்பவர்களிடம் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். மாலையில் பண்ணைப் பாலம். திருவிழா நாட்களில் நல்லூர் வெளி வீதியில் காவடியும் தேரும் கிடைக்கும். கோயிலுக்கு உள்ளே கமராவை எடுக்காதீர்கள், அங்கே படம் பிடிக்க அனுமதி இல்லை.

பிளாஷைப் பற்றி இன்னொன்று. வெள்ளைச் சீலிங்கைப் பார்த்துத் திருப்பி அடித்தால் வெளிச்சம் மெதுவாக இறங்கும் என்று எல்லாப் பாடத்திலும் வரும். எங்கள் ஊரில் பாதி வீடு ஓட்டு வீடு, மேலே அடித்தால் வெளிச்சம் முகட்டிலேயே போய்விடும். பந்தலுக்குள் சிவப்புத் துணி கட்டியிருந்தால் பிள்ளையின் முகமும் சிவந்து வரும். அப்படியான இடத்தில் பக்கத்து வெள்ளைச் சுவரைப் பார்த்து அடியுங்கள். சுவரும் இல்லையென்றால் ஒருவரை வெள்ளை ரெஜிபோமைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். எல்.ஈ.டி. மாலைகள் இருக்கும் இடத்தில் ஷட்டரை 100இல் ஒரு பங்கு வையுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், வேகம் கூடினால் படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு விழக்கூடும்.

கனடா அண்ணாவை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஆனால் பெயரைச் சரியாகச் சொல்லி அனுப்புங்கள். எங்களுடைய 200டிக்கு அங்கே ரெபெல் எஸ்.எல். 2 என்று பெயர், 700டி அங்கே ரெபெல் டி5ஐ (T5i). 1500டிதான் அங்கே ரெபெல் டி7 (T7). எண் பெரிதாக இருக்கிறதே, புதிதாக்கும் என்று அவர் அதை வாங்கிவிடுவார். சார்ஜர் இங்கத்தைய மின்சாரத்துக்கும் வேலை செய்யும், செருகி மட்டும் மாற்ற வேண்டும். வீடியோவை மெனுவில் 'பால்' (PAL) முறைக்கு மாற்றிவிடுங்கள். அங்கத்தைய உத்தரவாதத்தை நம்பி இருக்க வேண்டாம். என்னைக் கேட்டால் அவரிடம் பொடியைவிட லென்ஸைக் கொண்டுவரச் சொல்வது நல்லது. சின்னச் சாமான், பழுதாகும் வாய்ப்பும் குறைவு. பொடியை நீங்களே கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம்.

பாவித்த சாமானைப் பார்க்கும் முறையை மட்டும் மினக்கெட்டு எழுதுகிறேன், ஏனென்றால் நான் இதில் அடிபட்டிருக்கிறேன். முதல் டிஜிட்டல் கமரா எடுத்த வருடம் கொழும்பில் ஒரு கடையில் பின்னேரம் போல ஒரு சூம் லென்ஸ் வாங்கினேன். வெளியே தூசி இல்லை, வளையங்கள் எல்லாம் புதுசு போல. உள்ளே பார்க்கவில்லை. அடுத்த கிழமை ஒரு சாமத்திய வீட்டில் குத்துவிளக்கைப் பார்த்துப் பிடித்த படங்கள் எல்லாம் புகை மூடினமாதிரி வந்தன. வீட்டுக்கு வந்து டோர்ச் அடித்துப் பார்த்தால், உள் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம். அந்தப் பிள்ளையின் தாயிடம் அல்பத்தைக் கொடுத்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே டோர்ச் கொண்டு போங்கள். லென்ஸின் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, வாயை முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்தால் வெளிச்சம் விட்டு மறு பக்கத்தால் சரித்துப் பாருங்கள். இரண்டு மூன்று தூசி இருந்தால் பரவாயில்லை. நூல் நூலாக, மூடுபனியாக இருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். பிறகு எப் 16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள், சென்சாரில் இருக்கும் அழுக்கு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தூசி என்றால் துடைக்கலாம், கீறல் என்றால் விட்டுவிடுங்கள். பற்றரி அறையையும் பிளாஷ் தகட்டையும் பாருங்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அது கடல் காற்றிலோ தண்ணீரிலோ இருந்த கமரா. திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். எத்தனை படம் எடுத்த கமரா என்று கேளுங்கள். நிக்கொன் அந்த எண்ணிக்கையைப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும், கனனில் கணினியோடு பூட்டித்தான் பார்க்க வேண்டும். பிளாஷையும் அங்கேயே பூட்டி எரியவிட்டுப் பாருங்கள்.

வாங்கியபிறகு மாரி மாதங்களில் கமராவைத் துணிப் பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டாதீர்கள், பூஞ்சணம் அங்கேதான் பிறக்கிறது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அது ஈரம் பிடித்ததும் மாற்றுங்கள். இந்தப் பெட்டி, இரண்டு மெமறி கார்ட், இன்னொரு பற்றரி, தூசி ஊதும் குமிழ் எல்லாவற்றுக்குமான காசைப் பொடி வாங்குவதற்கு முன்னமே எடுத்து ஒதுக்கிவிடுங்கள். 200டி வியூபைண்டரில் பார்த்துப் பிடித்தால் ஒரு பற்றரிக்கு 650 படம் என்று கனன் கணக்குச் சொல்கிறது. திரையில் பார்த்துப் பிடித்தால் அதில் பாதியும் வராது. இந்தக் கமராக்களில் கார்ட் போடும் இடம் ஒன்றுதான். ஆகவே ஆலாத்தி முடிந்ததும் கார்ட்டை மாற்றி, முதல் கார்ட்டைக் கைப்பைக்குள் பத்திரமாக வையுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றப் பாதி மிஞ்சும்.

பறவைகள் இரண்டாம் கட்டம். அதற்கு 55–250 ஐ.எஸ். எஸ்.டி.எம். பாவித்ததாக எடுக்கலாம், உங்கள் கமராவில் அது 400 மி.மீ. லென்ஸ் போல எட்டும். சுண்டிக்குளத்திலும் தொண்டைமானாற்றுக் கரையிலும் வெயில் நன்றாக இருக்கும் நேரத்தில் அதற்கு வெளிச்சப் பிரச்சினை வராது. இரண்டு மூன்று வேலை செய்த காசில் வாங்குங்கள்.

டி.எஸ்.எல்.ஆர்., அதாவது உள்ளே கண்ணாடி வைத்த இந்த வகைக் கமராக்களின் காலம் முடிந்தது என்பது பொய் இல்லை. கனனும் நிக்கொனும் 2020க்குப் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் செய்யவில்லை. இப்போது எல்லாம் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ். அதனால்தான் நல்ல பழைய பொடிகள் உங்கள் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கியிருக்கின்றன. நாளைக்குக் கனனின் மிரர்லெஸ் ஆர் வரிசைக்கு மாறினாலும் ஒரு அடப்டரைப் பூட்டி இந்த 50ஐயும் 55–250ஐயும் அதிலேயே பாவிக்கலாம், குவியமும் தானாகப் பிடிக்கும். ஆகவே லென்ஸில் போடும் காசு நிற்கும்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். சாமத்திய வீடுகளில் பிள்ளையை வெளிக்கிடுத்தும் அறைக்குள் என்னைப் போன்ற ஆண்கள் போவதில்லை, போகவும் கூடாது. அந்தப் படங்கள் பல அல்பங்களில் இல்லவே இல்லை. ஒரு பெண் பிள்ளை கமராவோடு வந்தால் அந்தக் கதவு திறக்கும். முதல் ஆறு மாதம் அனுபவமுள்ள ஒருவரோடு இரண்டாவது ஆளாகப் போங்கள். அந்த அறைப் படங்களை நான் எடுத்துத் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

காசைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கமராவில் எப் 16இல் எடுத்த வானப் படம் ஒன்று, லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் போனில் எடுத்த படம் ஒன்று, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.